வாடகை பேட்டரி எலக்ட்ரிக் காரா, ஹைப்ரிட் காரா: ஐந்து வருடச் செலவை நாமே கணக்குப் போடும் முறை

2025 தொடக்கத்தில் பழைய காரை மாற்றுவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. மனைவிக்கு எலக்ட்ரிக் கார் வேண்டும். அப்பாவுக்கு ஹைப்ரிட்தான் வேண்டும், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார். "திருச்சியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வாய்?" என்பது அவர் கேள்வி. இரண்டு பேருக்கும் பதில் சொல்ல நான் ஒரு கணக்குத் தாள் போட்டேன். முதல் தாள் முழுக்கத் தப்பு. எங்கே தப்பானது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்ட கார்கள் இரண்டு. ஒன்று எம்ஜி விண்ட்சர். 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். மற்றது மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட். 2022-ல் 17.99 லட்சத்தில் தொடங்கியது. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கையில் இருக்கும் கொட்டேஷனில் உள்ள எண்ணைப் போடுங்கள், முறை மட்டும் இதேதான்.

ஹைப்ரிட் என்று பெயர் போட்டதெல்லாம் ஹைப்ரிட் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைல்ட் ஹைப்ரிட், ஸ்மார்ட் ஹைப்ரிட் என்பவற்றில் மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாகக் காரை ஓட்டாது. கிராண்ட் விட்டாராவிலேயே இரண்டு வகையும் உண்டு. கொட்டேஷனில் "ஸ்ட்ராங்" அல்லது "இன்டெலிஜென்ட் எலக்ட்ரிக் ஹைப்ரிட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 1: எத்தனை கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

இதற்கு நான் எந்தச் செயலியையும் சொல்லமாட்டேன். டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு போதும். மாதத்தின் முதல் தேதி ஓடோமீட்டர் எண்ணைக் குறியுங்கள், மூன்று மாதம். பழைய சர்வீஸ் பில்கள் இருந்தால் இன்னும் சுலபம், ஒவ்வொன்றிலும் தேதியும் கி.மீ.யும் இருக்கும்.

நான் மாதம் 1,500 கி.மீ. ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பில்களை அடுக்கிப் பார்த்தால் ஆயிரத்தை ஒட்டித்தான் வந்தது. தூத்துக்குடிப் பயணம் மனதில் பெரிதாக நிற்கிறது, ஆனால் வருடத்துக்கு நாலு தடவைதான் போகிறோம். இந்த ஒரு எண் தப்பானால் கீழே வருவது எல்லாமே தப்பு. கீழே எல்லா இடத்திலும் மாதம் 1,000 கி.மீ., ஐந்து வருடத்துக்கு 60,000 கி.மீ. என்று வைத்திருக்கிறேன்.

படி 2: ஆன்-ரோடு விலை

கூகுள் ஷீட்ஸில் மூன்று பத்தி போடுங்கள்: ஹைப்ரிட், வாடகை பேட்டரி, சொந்த பேட்டரி. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், அது ஏன் என்பது பின்னால் புரியும். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் கணிப்பான்கள் எனக்குப் பிடிக்கவில்லை. நாம் பார்க்க வேண்டிய வரிகள் அவற்றில் இருப்பதே இல்லை.

பெரிய வித்தியாசம் வரியில் வருகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 18 லட்ச ரூபாய் ஹைப்ரிடுக்கு இதுவே 3.24 லட்சம். எலக்ட்ரிக் காருக்கு 2025 டிசம்பர் இறுதிவரை முழு விலக்கு என்று அரசாணை இருந்தது. நீங்கள் பதிவு செய்யும் தேதியில் என்ன நிலவரம் என்று ஆர்டிஓ-வில் கேட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள்.

ஆக ஹைப்ரிட் 21.24 லட்சம், வாடகை பேட்டரி கார் 9.99 லட்சம், சொந்த பேட்டரி கார் 13.50 லட்சம். இன்சூரன்ஸை இங்கே சேர்க்கவில்லை. மூன்றாம் நபர் பிரீமியத்தில் எலக்ட்ரிக்குக்கு 15 சதவீதமும் ஹைப்ரிடுக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி உண்டு, ஆனால் அது பெரிய தொகை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாடகை பேட்டரிக்கு இன்சூரன்ஸ் யார் போடுவது? வெள்ளத்தில் கார் மூழ்கினால் பேட்டரிக்கு யார் பொறுப்பு? எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: பேட்டரி வாடகை (நான் சறுக்கிய இடம்)

என் முதல் தாளில் இந்த வரி இப்படி இருந்தது: 1,000 பெருக்கல் 3.50, ஆக மாதம் 3,500 ரூபாய். பார்க்க அழகாக இருந்தது. ஹைப்ரிடின் பெட்ரோல் செலவைவிடக் குறைவு. மனைவி ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்புறம் எனக்கு வந்த வாடகை ஒப்பந்தத்தின் மாதிரியை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நாலாவது பக்கத்தில் இருந்தது அந்த வாசகம்: மாதத்துக்குக் குறைந்தபட்சம் 1,500 கி.மீ.க்குக் கட்டணம். அதாவது நான் 1,000 ஓட்டினாலும், ஊருக்குப் போய்விட்டு 200 ஓட்டினாலும், 5,250 ரூபாய் கட்டியே ஆக வேண்டும்.

தாளில் எழுத வேண்டிய சூத்திரம் இது: மாத வாடகை = பெரியது(ஓட்டிய கி.மீ., குறைந்தபட்ச கி.மீ.) × 3.50. ஷீட்ஸில் மேக்ஸ் என்ற ஃபங்ஷன் இதைச் செய்யும். இந்த ஒரு மாற்றத்தில் எனக்கு உண்மையான வாடகை கி.மீ.க்கு 5.25 ஆகிவிட்டது. மாதம் 600 கி.மீ. மட்டும் ஓட்டும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு 8.75 ரூபாய். இது பேட்டரிக்கு மட்டும், கரண்ட் தனி.

நிதி நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த விதி மாறுகிறது. அதனால் நான்கு கேள்விகளை அப்படியே கேளுங்கள். குறைந்தபட்ச கி.மீ. எவ்வளவு? வாடகையில் ஜிஎஸ்டி உள்ளடக்கமா, தனியா? ஒப்பந்தம் எத்தனை வருடம், அதன் பிறகு பேட்டரி யாருடையது? நடுவில் மொத்தமாகக் கட்டி பேட்டரியை வாங்க முடியுமா? 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வந்தால் 3.50 என்பது 4.13 ஆகிவிடும்.

இப்போது மூன்றாவது பத்திக்கு வருவோம். பேட்டரியின் விலை 13.50-லிருந்து 9.99-ஐக் கழித்தால் 3.51 லட்சம். அதை 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் தவணை சுமார் 7,370 ரூபாய், மொத்தம் 4.42 லட்சம். வாடகை 5,250 என்பது தவணையைவிடக் குறைவுதான். ஆனால் தவணை ஐந்து வருடத்தில் முடிந்துவிடும், பேட்டரி நம்முடையது. வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஏழாவது வருட முடிவில் இரண்டும் ஒரே தொகைக்கு வந்துவிடுகின்றன, அதற்குமேல் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் கூடுதல் செலவு. மாதம் 2,100 கி.மீ.க்கு மேல் ஓட்டுகிறவருக்கோ முதல் மாதமே வாடகை தவணையைத் தாண்டிவிடுகிறது.

குறைவாக ஓட்டுகிறவரைக் குறைந்தபட்ச விதி பிடித்துக்கொள்கிறது, அதிகமாக ஓட்டுகிறவரை கி.மீ. கட்டணம் பிடித்துக்கொள்கிறது. 1,500-லிருந்து 2,100 வரை ஓட்டி, நாலைந்து வருடத்தில் காரை மாற்றிவிடுகிறவருக்குத்தான் வாடகை நன்றாகப் பொருந்துகிறது. கையில் முன்பணம் இல்லாமல், வங்கியும் பெரிய கடன் தராத நிலையில் இருப்பவருக்கும் இது நல்ல வழி, அதை மறுக்கமாட்டேன்.

படி 4: பெட்ரோலும் கரண்டும்

கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 27.97. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நான் 21 என்று வைத்தேன். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 4.80.

விண்ட்சரின் பேட்டரி 38 யூனிட், சான்றளிக்கப்பட்ட தூரம் 331 கி.மீ. நான் யூனிட்டுக்கு 6.5 கி.மீ. என்று வைத்தேன், ஏசியோடு 247 கி.மீ. வரும். சார்ஜ் ஏற்றும்போது 12 சதவீதம் வீணாகும் என்று சேர்த்தால், இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. ஓட்ட 345 யூனிட் வேண்டும்.

இங்கே எல்லோரும் ஒரே விலையைப் போட்டுப் பெருக்கிவிடுகிறார்கள், அதுவும் தப்பு. நம் மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறும். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஆகிறது. கார் வந்ததும் 695. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடும். மேலே வரும் யூனிட்டுகள் எட்டு ரூபாயைத் தாண்டும், 600-க்குப் பிறகு ஒன்பதைத் தாண்டும். அதனால் கார் இல்லாத பில், கார் உள்ள பில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கழியுங்கள். எனக்கு வித்தியாசம் சுமார் 2,800 ரூபாய் வந்தது, கி.மீ.க்கு 1.40.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைப்ரிட் 4.80. வாடகை பேட்டரி கார் 5.25-உம் 1.40-உம் சேர்ந்து 6.65. ஓட்டும் செலவில் எலக்ட்ரிக் மலிவு என்ற பேச்சு பேட்டரி சொந்தமாக இருந்தால்தான் உண்மை.

படி 5: விற்கும்போது என்ன கிடைக்கும்

ஐந்து வருடம் கழித்து ஹைப்ரிட் 9 லட்சத்துக்கும், சொந்த பேட்டரி கார் 5.5 லட்சத்துக்கும், வாடகை பேட்டரி கார் 3 லட்சத்துக்கும் போகும் என்று வைத்தேன். இவை என் ஊகம், நீங்கள் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வாடகை பேட்டரி காரை ஏன் இவ்வளவு குறைத்தேன் என்றால், அதை வாங்குகிறவர் பேட்டரி ஒப்பந்தத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ரெனோ ஸோயி கார் பேட்டரி வாடகைத் திட்டத்தில் பல வருடம் விற்றது. பழைய ஸோயி வாங்கப் போனவர்கள் மாதா மாதம் வாடகை கட்டும் பொறுப்பையும் சேர்த்து ஏற்க வேண்டியிருந்தது. அந்தக் கார்களை விற்க அதுவே பெரிய தடையாக இருந்தது.

ஐந்து வருட முடிவு இப்படி வந்தது. ஹைப்ரிட்: 21.24 லட்சம், பெட்ரோல் 2.88 லட்சம், விற்றது கழிய 15.12 லட்சம். வாடகை பேட்டரி: 9.99 லட்சம், வாடகை 3.15, கரண்ட் 0.84, விற்றது கழிய 10.98 லட்சம். சொந்த பேட்டரி: 9.99 லட்சம், பேட்டரிக் கடன் வட்டியோடு 4.42, கரண்ட் 0.84, விற்றது கழிய 9.75 லட்சம். ஹைப்ரிடுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் 11.25 லட்சத்தையும் கடனாக வாங்கினால் அதன் வட்டி மட்டும் 2.9 லட்சம் வரும், அதை நான் சேர்க்கவில்லை.

நாங்கள் பேட்டரியோடு சேர்த்தே வாங்கினோம்.

பின்சேர்க்கை: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு வாசகர், பார்க்கிங்கில் சார்ஜர் போட சங்கம் அனுமதி தரவில்லை, வெளியேதான் சார்ஜ் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். இது என் தாளில் இல்லாத வரி. பொது சார்ஜரில் யூனிட் 20 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று வைத்தால் கி.மீ.க்கு 3.60 ஆகிறது. ஐந்து வருடத்தில் 1.32 லட்சம் கூடுதல். வாடகை பேட்டரி காரை விற்கவே முடியாமல் போனால், அதாவது அந்த 3 லட்சமும் பூஜ்ஜியம் ஆனால், ஹைப்ரிட் சுமார் 18,000 ரூபாய் முந்திவிடுகிறது. வீட்டில் சார்ஜ் வசதி இல்லாதவர்கள் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே எலக்ட்ரிக் காருக்கு முன்பணம் கட்டுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. கிராண்ட் விட்டாரா போன்ற நான்கு மீட்டருக்கு மேற்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு செஸ் சேர்த்து 43 சதவீதமாக இருந்தது 40 ஆனது. எலக்ட்ரிக் காருக்கு அதே 5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய கொட்டேஷன் கையில் இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.