சபையில் ஆட்டிசம் ஓட்டம் நடத்துவது எப்படி? முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் சபை இதுவரை இரண்டு தடவை ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஓட்டம் நடத்தியிருக்கிறது. முதல் தடவை முன்னூறு பேர் வந்தார்கள், நல்ல தொகையும் சேர்ந்தது. ஆனால் யாரை மனதில் வைத்து இதைத் தொடங்கினேனோ, அந்தப் பிள்ளை ஓடவில்லை. என் அக்கா மகன், ஒன்பது வயது. காலை ஆறு மணிக்கு மைதான வாசலில் காரை விட்டு இறங்கினான். உள்ளே மைக் செட்காரர் "ஹலோ, செக், செக்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிட்டது. அவ்வளவுதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அக்கா அவனைத் தூக்கிக் காருக்குள் வைத்துவிட்டு என்னிடம், "இவனுக்காகத்தான ஓடுதிய? இவன் எங்க நிக்கணும்னு யாராது யோசிச்சியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இரண்டாவது ஓட்டத்தைத் திட்டமிட்டோம். அதில் கற்றதை எழுதுகிறேன். முன்னூறு பேருக்குப் பொங்கல் ஆக்குவதைப் பற்றி எழுதப் போவதில்லை. அசனம் என்கிற சபை விருந்து ஆக்குகிற எந்தச் சபைக்கும் அது தெரியும்.

1. கமிட்டிக்கு முன்னால் பெற்றோர்

சபைக் காரியங்களைக் கவனிக்கும் சேகர கமிட்டி கூடுவதற்கு முன் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஐந்து பேரை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துக் கேளுங்கள். ஊரில் சிறப்புப் பள்ளி இருந்தால் ஓர் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசத் தெரிந்த, ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவர்தான் முதல் ஆள். பாதை, சத்தம், சாப்பாடு எல்லாம் இந்தக் கூட்டத்தில் முடிவாகிவிட வேண்டும். கமிட்டி அதற்குப் பணமும் ஆளும் ஏற்பாடு செய்தால் போதும். நாங்கள் முதல் தடவை இதைத் தலைகீழாகச் செய்தோம்.

2. தேதி

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். கிறிஸ்தவ சபைகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான வருஷங்களில் இந்தத் தேதி ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களுக்குள் விழும். 2026-ல் புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழனாகவே வந்தது. அன்று யாரையும் பனியன் மாட்டி ஓடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனால் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், ஈஸ்டருக்குப் பிந்திய சனிக்கிழமையை எடுங்கள். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. ஏப்ரல் 3 சனிக்கிழமை, அருமையான நாள்.

நேரம் காலை ஆறு. நெல்லை வெயிலுக்கு ஏழேகாலுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

3. பாதை

எங்கள் முதல் பாதை பாளையங்கால்வாய் ஓரமாகப் போனது. நிழல், காற்று, படம் எடுக்கவும் அழகு. இரண்டாவது தடவை கூட்டத்தில் ஒரு சிறப்பு ஆசிரியை வரைபடத்தைப் பார்த்ததும் அந்தக் கோட்டை அடித்துவிட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரைக் கண்டால் நேராக அதை நோக்கிப் போகும் ஈர்ப்பு உண்டு. கையை விட்டு ஓடும் பழக்கமும் பலருக்கு உண்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கால்வாய், குளம், மூடாத கிணறு இருக்கும் பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சுற்றுச்சுவர் உள்ள மைதானம் கிடைத்தால் அதற்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் சுற்று போடுங்கள். வேகமாக ஓடுகிறவர்கள் வெளியே மூன்று கிலோமீட்டர் போய்வரட்டும். வாசல் ஒன்றே ஒன்று திறந்திருக்க வேண்டும். அங்கே இருவர் நிற்க வேண்டும், அவர்கள் நகரவே கூடாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டி, உள்பக்கத்தில் பெற்றோர் செல் நம்பரை எழுதுங்கள். வெளியே பெயர் எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை யாரோடும் போய்விடலாம். பட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சட்டையின் உள்பக்கம் துணி ஸ்டிக்கர் ஒட்டலாம்.

4. அனுமதி

காவல் நிலையம், போக்குவரத்துப் போலீஸ், மைதானத்துக்கு உரியவர்கள். மூன்று இடத்துக்கும் ஒரு மாதத்துக்கு முன் கடிதம், பாதை வரைபடத்தோடு. கடிதத்தைச் சபையின் லெட்டர்ஹெட்டில் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108-ஐ நம்பி இருக்காதீர்கள், அது அவசரத்துக்கு ஓட வேண்டிய வண்டி. பக்கத்து மருத்துவமனையில் கேட்டால் ஒரு வண்டியும் நர்ஸும் அனுப்புவார்கள்.

5. சத்தம்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஓட்டம் நன்றாக நடக்கும்.

நம் ஊரில் விழா என்றால் முதலில் பேசுவது மைக் செட்காரரிடம். அப்புறம் செண்டை மேளம், வெடி, விசில். நமக்குக் கொண்டாட்டமாகக் கேட்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு வலியாக இறங்குகிறது. பிடிவாதமோ பயந்த சுபாவமோ இல்லை, அவர்கள் காதும் மூளையும் சத்தத்தை வாங்கும் விதமே வேறு. என் அக்கா மகனுக்கு மிக்ஸி ஓடினால் அடுப்படிப் பக்கமே வர முடியாது. அதே பிள்ளை ஆலயத்தில் ஆர்கன் பக்கத்தில் அமைதியாக நிற்பான். எந்தச் சத்தம் ஆகும், எது ஆகாது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். திடீரென்று வரும் சத்தம்தான் அநேகருக்கு ஆகாது.

இரண்டாவது தடவை நாங்கள் செய்தது இவ்வளவு. ஸ்பீக்கரே வைக்கவில்லை. துப்பாக்கி, விசில், மணி எதுவும் இல்லை. பெரிய மஞ்சள் துணி ஒன்றை வாலிபர் சங்கப் பையன்கள் இரண்டு பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். துணி கீழே இறங்கியதும் ஓட்டம் தொடங்கியது. கைதட்டுவதற்குப் பதில் இரண்டு கையையும் மேலே தூக்கி அசைக்கச் சொன்னோம். செவித்திறன் குறைந்தோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் ஊர் இது. அந்தக் கைத்தட்டலைப் பலரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், உடனே பிடித்துக்கொண்டார்கள். முன்னூறு பேர் சத்தமில்லாமல் கையை அசைக்கும்போது காற்றில் வாழை இலை ஆடுவது மாதிரி இருந்தது.

அறிவிப்புக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய அட்டையில் எழுதித் தூக்கிப் பிடியுங்கள். மிச்சத்துக்கு வாட்ஸ்அப் போதும்.

மைதானத்தின் ஒரு மூலையில் அமைதிக் கூடாரம் போடுங்கள். மூன்று பக்கமும் துணி, கீழே பாய், நாலைந்து தலையணை, ஒரு தண்ணீர்க் குடம். மின்விசிறி வேண்டாம், அந்த இரைச்சலும் சிலருக்கு ஆகாது. வாசலில் ஒருவர் இருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூடாரத்தைக் கழிப்பறைக்கும் சமையல் இடத்துக்கும் தள்ளிப் போடுங்கள். வாசனையும் சத்தம் மாதிரிதான்.

6. முந்தின நாள் ஒத்திகை

புது இடம், புதுக் கூட்டம், புது நேரம் மூன்றும் ஒரே நாளில் வந்தால் கஷ்டம். ஒரு வாரம் முன்பே மைதான வாசல், தொடங்கும் இடம், மஞ்சள் துணி, கூடாரம், கழிப்பறை, சாப்பாட்டு மேஜை ஆகியவற்றைப் படம் எடுத்து, வரிசையாக எண் போட்டுப் பெற்றோருக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் தினமும் பார்த்துப் பழகுவார்கள். வெள்ளிக்கிழமை காலை அதே ஆறு மணிக்கு மைதானத்தைத் திறந்துவைத்து, விருப்பமுள்ள குடும்பங்களை ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை. எங்களுக்கு அதிக பலன் தந்தது இதுதான்.

7. ஜெபமும் வார்த்தைகளும்

விசுவாசத்தில்தான் இந்த ஓட்டத்தைத் தொடங்கினோம், ஜெபத்தோடுதான் தொடங்குவோம். அதில் மாற்றமில்லை. ஆனால் எப்படி ஜெபிக்கிறோம் என்பதைப் பெற்றோர் கவனிக்கிறார்கள். முதல் தடவை ஒரு பெரியவர், நல்ல மனதோடுதான், வரிசையாகப் பிள்ளைகள் தலையில் கை வைத்து "இந்த வியாதியிலிருந்து விடுதலை" என்று ஜெபித்தார். தொட்டால் தாங்காத ஒரு பெண்பிள்ளை அலறிவிட்டாள். அவள் அம்மா அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கே வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

இப்போது ஜெபம் இரண்டு நிமிஷம், நன்றி சொல்லி, தொடாமல். முந்தின ஞாயிறு ஆராதனையில் எங்கள் ஆயர் ஐயா வேதாகமத்தில் வரும் பிறவிக்குருடன் சம்பவத்தை எடுத்து, இது யாருடைய பாவத்தாலும் வந்ததில்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டதை நிதானமாகப் பேசினார். அந்தப் பிரசங்கத்தை நிறையத் தாய்மார்கள் வருஷக்கணக்காக எதிர்பார்த்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நோட்டீசில் "பாதிக்கப்பட்ட" என்று போட வேண்டாம். "ஆட்டிசம் உள்ள" போதும். பனியனில் சுகமளிக்கும் வசனங்களையும் தவிர்க்கலாம். படம் போடும்போது ஒரு விஷயம்: ஆட்டிசத்துக்குப் பலரும் போடும் புதிர்த்துண்டுச் சின்னம் 1963-ல் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை, தங்களை ஏதோ குறையுள்ள துண்டாகக் காட்டுகிறது என்கிறார்கள். வானவில் நிறத்தில் முடிவிலிக் குறி (படுக்கவைத்த 8 மாதிரி) போடுங்கள்.

"ஆட்டிசத்தைக் குணமாக்கும்" பொடி, எண்ணெய் விற்கிறவர்கள் ஸ்பான்சர் செய்ய வருவார்கள். வாங்காதீர்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று துண்டறிக்கை கொடுக்க ஒருவர் வந்தார். அந்தக் கதையைக் கிளப்பிய 1998-ம் வருஷக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசலிலேயே திருப்பி அனுப்பினோம்.

அதற்குப் பதில் ஒரு மேஜை போட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். 2016-ம் வருஷச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். இதைக் கேள்விப்படாத குடும்பங்கள் எங்கள் சபையிலேயே ஆறு இருந்தன.

8. பதிவும் பணமும்

கட்டண இணையதளங்கள் வேண்டாம், அவர்கள் பிடிக்கும் தொகை பிள்ளைகளுக்குப் போக வேண்டியது. கூகுள் ஃபார்ம் ஒன்று, ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் நீள நோட்டு ஒன்று. எனக்கு நோட்டுதான் பிடிக்கும். வயதானவர்கள் பெயர் எழுத வந்து, பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசி, நூறு ரூபாய்க்கு ஐந்நூறாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அந்த நிறுவனத்தின் கணக்குக்கே க்யூஆர் கோடு போடுங்கள். தனிநபர் கணக்கு வேண்டவே வேண்டாம், பொருளாளர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். எல்லோரும் 80ஜி என்று சொல்லும் வரிச்சலுகைப் பதிவு அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் தடுமாறப் பார்த்த இடம் வெளிநாட்டுப் பணம். நம் சபைகளில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளியே இருக்கிறது, ஆசையாக அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் பிறந்தது பாளையங்கோட்டையே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில் மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எங்கள் ஆடிட்டர் கடைசி நேரத்தில் தடுத்ததால் பிழைத்தோம். அப்படிப்பட்டவர்களிடம், "ஊருக்கு வரும்போது ஓட வாருங்கள்" என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

9. பனியன், பதக்கம், சாப்பாடு

பருத்திப் பனியன், கழுத்தில் லேபிள் இல்லாதது. திருப்பூரில் கேட்டால் லேபிள் இல்லாமலே தருவார்கள். நெஞ்சில் கனமான ரப்பர் பிரிண்ட் வேண்டாம், உரசும். சொந்தச் சட்டையில் வருகிறவர்களும் வரட்டும். பதக்கத்தைக் கழுத்தில் போடாமல் கையில் கொடுங்கள். குடிக்க மோர், பதநீர். நோட்டீசிலேயே "பிள்ளைக்குப் பிடித்த சாப்பாட்டைக் கையோடு கொண்டுவரலாம்" என்று ஒரு வரி போட்டால் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. பல பிள்ளைகள் நாலைந்து பண்டம் தவிர வேறு தொட மாட்டார்கள்.

படம், ரீல்ஸ் எடுப்பதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதம் வேண்டும். சம்மதிக்காதவர்களின் பட்டையைச் சிவப்பில் கொடுத்துவிடுங்கள், எடுக்கிறவர்களுக்குப் பார்த்ததும் தெரியும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தந்தை எழுதியிருந்தார்: "என் மகனுக்கு 24 வயது. உங்கள் எழுத்து முழுக்கப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்." உண்மைதான். ஆட்டிசம் வயதோடு போய்விடுவதில்லை. அடுத்த தடவை பெரியவர்களுக்கும் கூட ஓடுகிற துணையை ஏற்பாடு செய்கிறோம். வாசலில் எண் கொடுக்கும் வேலையை அந்தத் தம்பியிடமே கேட்டிருக்கிறோம். எண்களை வரிசையாக அடுக்குவது அவருக்கு மிகவும் பிடிக்குமாம்.

இன்னொருவர், அக்கா மகன் இரண்டாவது தடவை ஓடினானா என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வந்தான். சனிக்கிழமை மஞ்சள் துணி இறங்கியதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அரைச் சுற்று நடந்தான். அப்புறம் கூடாரத்துக்குள் போய்ப் பாயில் படுத்துக்கொண்டான். எல்லோரும் போன பிறகு, ஏழரை மணிக்கு எழுந்து, காலி மைதானத்தில் மிச்ச அரைச் சுற்றையும் ஓடி முடித்தான்.