பூட்டு வாங்கப் போகிறீர்களா? கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்

கடைக்குப் போனதும் நாம் செய்யும் முதல் காரியம், பூட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பது. கனமாக இருந்தால் போதும், மனசு சமாதானமாகிவிடும். வீட்டுக்கு வந்து அதை உளுத்துப்போன நிலைச்சட்டத்தில், அரை அங்குலத் திருகு நாலைப் போட்டு முடுக்கிவிடுகிறோம். அந்தப் பூட்டைத் திறக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கதவை ஓங்கி ஓர் உதை விட்டால் பூட்டு அப்படியே இருக்கும், நிலை பிளந்துவிடும்.

லண்டனில் பூட்டுச் செய்யும் பிராமா நிறுவனத்தார் தங்கள் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, கருவி கொண்டு திறப்பவருக்கு 200 கினி (பழைய பிரிட்டிஷ் நாணயம்) பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது யாருக்கும் மசியவில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. வீடு புகுகிறவனுக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கப்போகிறது? அவன் எது சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் என்று பார்க்கிறான். அதனால் கதவு, நிலை, கீல் இவற்றைப் பார்க்காமல் பூட்டை மட்டும் தேர்ந்தெடுப்பதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டைக் கவனித்திருக்கிறீர்களா? நிலையில் பதித்திருப்பார்கள். பெட்டியோடு வரும் குட்டித் திருகுகள் பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியை மட்டுமே கவ்வும். அவற்றைக் கழற்றிவிட்டு 3 அங்குலத் திருகு போட்டால், மரச்சட்டச் சுவரில் பிடி நிலையைத் தாண்டிப் பின்னால் உள்ள கட்டை வரை போகும். சுவர் செங்கல்லோ கான்கிரீட்டோ என்றால், நிலையே சுவரோடு சரியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலையைக் கையால் தள்ளும்போது ஆடினால், புதுப் பூட்டுக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஆணி வெளியே தெரியும். ஆணியைத் தட்டிக் கழற்றினால் பூட்டைத் தொடாமலே கதவைப் பெயர்த்துவிடலாம். ஆணி கழலாத கீல் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, லேட்சைப் பூட்டு என்று நம்புவது. கதவைச் சாத்தியதும் 'டக்' என்று தானாக விழுகிறதே, சரிவான நாக்கு, அதுதான் லேட்ச். உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து நாக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட முடியும். டெட்போல்ட் என்ற பூட்டு வகையின் நாக்குக்கு ஸ்பிரிங் கிடையாது. சாவியையோ உள்பக்கக் குமிழையோ திருப்பினால்தான் நகரும். அது குறைந்தது 1 அங்குலமாவது வெளியே நீள வேண்டும். சரி, டெட்போல்ட் போட்டாயிற்று. ஆனால் 'பக்கத்துக் கடைக்குத்தானே' என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அப்போது வீட்டைக் காப்பது மறுபடி அந்த ஸ்பிரிங்தான்.

சிலிண்டர் என்பது சாவி நுழைகிற, தனியே கழற்றி மாற்றக்கூடிய பாகம். அதில் யூரோ சிலிண்டர் என்று சொல்லும் வகையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் நடுவே திருகு போகும் இடம்தான் மிக மெலிந்தது. சிலிண்டர் வெளிப்பக்கத் தகட்டைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து அங்கேயே ஒடித்துவிடலாம். 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. நீளம் தெரியாமல் 'பெரிசா இருந்தா நல்லதுதானே' என்று வாங்குவதால் வரும் வினை இது. ஒடிப்பைத் தாங்கும் சிலிண்டர்களும் இருக்கின்றன.

தர முத்திரையிலும் குழம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்க ஆன்ஸி தரத்தில் கிரேடு 1 தான் உயர்ந்தது, 3 கடைசி. பிரிட்டனின் டிஎஸ் 007 முறையிலோ 3 நட்சத்திரம் உயர்ந்தது, 1 கீழே. இரண்டையும் வகுத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது.

கதவருகே கண்ணாடி இருக்கிறது, உடைத்துக் கைவிட்டுத் திறந்துவிடுவார்கள் என்று பயந்து, உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் நள்ளிரவில் வீடு புகைமண்டலமாகும்போது சாவியை எங்கே தேடுவது? உள்ளே கையால் திருகித் திறக்கும் வகையே எனக்குச் சரியென்று படுகிறது. கண்ணாடியை எளிதில் உடையாத லேமினேட் கண்ணாடியாக மாற்றிக்கொள்ளலாம்.

கைரேகை, எண் போட்டுத் திறக்கும் ஸ்மார்ட் பூட்டு வாங்கினால் நாக்கு பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது. திறக்கும் விதம்தான் மாறியிருக்கிறது, தாங்குவது அதே நாக்கும் அதே நிலையும்தான். பேட்டரி தீர்ந்தால் எப்படித் திறப்பது என்று வாங்கும்போதே கேளுங்கள். பெட்டியில் வந்த தொடக்க எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள்.

அப்புறம், சாவி. குடிவந்த வீட்டில் பழைய சாவியை வாங்கி அப்படியே புழங்குவது சாதாரணமாக நடக்கிறது. அதற்கு எத்தனை நகல் யார் யார் கையில் இருக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது. பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டாம், பல வகைகளில் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். புது வீட்டுச் சாவியைப் படமெடுத்து இணையத்தில் போடுவதையும் விட்டுவிடுங்கள். 2008-ல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள், தூரத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைக் கொண்டே சாவியின் வெட்டுகளைக் கணித்துக் காட்டினார்கள்.

சாவி இறுகினால் சமையல் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் போதும். கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிறது என்றால் கோளாறு கீலில் இருக்கிறது.

கடைசியாக, அளவு. ஒரு தடவை நான் ஆசைப்பட்டு வாங்கிய பூட்டு, என் கதவின் தடிமனுக்குப் பொருந்தாமல் திரும்பக் கடைக்கே போனது. கதவின் தடிமன், விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடு வரை உள்ள தூரம், யூரோ சிலிண்டர் என்றால் நடுத் திருகிலிருந்து இரு பக்கமும் உள்ள நீளம், எல்லாவற்றையும் மி.மீ. கணக்கில் குறித்துக்கொண்டு போங்கள். பழைய பூட்டையே கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வீட்டில் யாராவது இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.