மிஸ்டரி ஷாப்பர் வேலையில் என் காசு வராமல் போனதும் அதைச் சரிசெய்ததும்
மிஸ்டரி ஷாப்பர் என்றால், சாதாரண வாடிக்கையாளர் போல ஒரு கடைக்கோ ஹோட்டலுக்கோ போய், அங்கே கவனிப்பு எப்படி என்று நம்மை அனுப்பிய நிறுவனத்துக்கு ரகசியமாக அறிக்கை எழுதித் தருபவர். எனக்கு முதல் மூன்று வேலைகளில் இரண்டுக்குக் காசே வரவில்லை. ஓசியில் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன், ஆனால் பில்லை நம் கைக்காசில் கட்டிவிட்டு வர வேண்டும், அறிக்கையை அந்த நிறுவனம் ஏற்ற பிறகுதான் அந்தத் தொகையும் கூலியும் வரும், எனக்கு அதற்கே ஒன்றரை மாதம் ஆனது. (சேரவே முன்பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை, அந்தப் பக்கம் போகாதீர்கள்.)

என் அறிக்கைகள் திரும்பியது ஏன் என்றால், சாப்பாடு வர 'சுமார் 10 நிமிடம்' என்று எழுதியிருந்தேன், அவர்களுக்குச் சரியான நேரம் வேண்டும். அப்புறம் அந்த பில். சூடு பட்டால் கறுக்கும் தெர்மல் காகிதம், வெயிலில் பைக் பெட்டியில் கிடந்து கறுத்துப்போய் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் எனக்கு நானே 'உட்கார்ந்தாச்சு', 'ஆர்டர்', 'வந்தாச்சு' என்று அனுப்பிக்கொள்கிறேன், நேரம் தானாகப் பதிவாகிவிடும், பார்ப்பவருக்கு யாரோடோ அரட்டை அடிப்பதுபோல் இருக்கும். பரிமாறியவர் பெயரும் அதிலேயே. வாசலைத் தாண்டியதும் பில்லைப் படம் எடுத்துவிடுவேன், அறிக்கை அன்றிரவே. அதன்பிறகு எதுவும் திரும்பவில்லை. பெட்ரோலைக் கணக்குப் பார்த்தால் மிச்சம் கொஞ்சம்தான், அதனால் வீட்டுப் பக்கத்துக் கடைகளை மட்டும் எடுக்கிறேன்.