கன்டெய்னர் முழுக்க ஒரே சூடு: அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸில் மின் ஹீட்டர் அமைக்கும் முறை

இரண்டு ஓட்டை டையை (அலுமினியத்துக்கு வடிவம் தரும் எஃகு அச்சு) பிரஸ்ஸில் ஏற்றுகிறீர்கள். மேல் ஓட்டையிலிருந்து வரும் புரொஃபைல் முன்னால் ஓடுகிறது, கீழே வருவது பின்தங்குகிறது. டேபிள் முனையில் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம். உடனே டையைக் கழற்றிக் கரெக்ஷனுக்கு அனுப்புவார்கள், பேரிங்கை, அதாவது ஓட்டையில் அலுமினியம் உரசிப் போகும் பரப்பைத் தேய்ப்பார்கள். அடுத்த டையிலும் அதே கதை நடந்தால் டையை விட்டுவிட்டுக் கன்டெய்னரைப் பாருங்கள்; பில்லட்டை (சூடாக்கிய அலுமினிய உருளைக் கட்டி) உள்ளே வைத்து ரேம் தள்ளும் தடித்த எஃகு உருளை அதுதான். மேல்பக்கம் சூடு அதிகம், கீழ்ப்பக்கம் குறைவு என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். சூடான பக்கத்தில் அலுமினியம் இளகி வேகமாக ஓடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மெயின்டெனன்ஸ் ஆட்களுக்கும் பிரஸ் ஆபரேட்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு 6063 அலாய், 7 அங்குல பில்லட் ஓட்டும் நடுத்தர பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

படி 1: எவ்வளவு சூடு வேண்டும்?

6063-க்குப் பில்லட் பொதுவாக 430 முதல் 480 டிகிரி, டையும் ஏறத்தாழ அதே அளவு. கன்டெய்னர் மட்டும் பில்லட்டைவிட 20 முதல் 40 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். பில்லட்டின் வெளித்தோலில் ஆக்சைடும் அழுக்கும் இருக்கும். கன்டெய்னர் சுவர் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் அந்தத் தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடும். சுவர் மிகவும் சூடானால் அது உள்ளே இழுக்கப்பட்டுப் புரொஃபைலில் கலந்துவிடும். மிகவும் குளிர்ந்தால் பில்லட் விறைத்து பிரஷர் ஏறும், சில நேரம் பிரஸ் தள்ள முடியாமல் நின்றுவிடும்.

அதனால் கன்டெய்னருக்கு 430 என்று ஒரே எண்ணைச் சொன்னால் போதாது. கன்டெய்னரின் உள்சுவரில் எங்கே தொட்டாலும் அந்த எண்ணிலிருந்து 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று குறி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எத்தனை கிலோவாட் தேவை?

கணக்கு எளிது. எடையை (கிலோ) 0.5-ஆல் பெருக்கி, ஏற்ற வேண்டிய டிகிரியால் பெருக்கினால் கிலோஜூல் வரும். அதை 3600-ஆல் வகுத்தால் யூனிட், அதாவது கிலோவாட்-மணி. 0.5 என்பது எஃகுக்கான தோராய வெப்பக் கொள்திறன்.

நம் கன்டெய்னர் வெளிவிட்டம் 800 மி.மீ., நீளம் 800 மி.மீ., உள்துளை 185 மி.மீ. என்றால் எடை 3 டன் பக்கம் வரும். 30 டிகிரியிலிருந்து 430-க்கு ஏற்ற வேண்டும்:

3000 × 0.5 × 400 = 6,00,000 கிலோஜூல் = சுமார் 167 யூனிட்.

மணிக்கு 50 டிகிரி வேகத்தில் ஏற்றினால் 8 மணி நேரம். 167-ஐ 8-ஆல் வகுத்தால் 21 கிலோவாட். காற்றிலும், கன்டெய்னரைச் சுற்றியுள்ள ஹவுசிங்கிலும் போகும் இழப்பையும் சேர்த்து 30 கிலோவாட் வைக்கலாம். இதைவிட அதிகமாக வைத்துச் சீக்கிரம் சூடாக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், காரணம் படி 6-இல் வருகிறது.

இந்த 30 கிலோவாட்டை 2.5 கிலோவாட் ஹீட்டர்கள் 12-ஆகப் பிரிக்கிறோம். நான்கு ஜோன் (தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் பகுதி), ஒவ்வொன்றிலும் மூன்று ஹீட்டர்.

படி 3: மாட்டும் முன் ஹீட்டரைச் சோதியுங்கள்

மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் வரவேண்டிய ஓம் கிடைக்கும். 230 × 230 ÷ 2500 = 21 ஓம். ஒரே ஜோனில் போகும் மூன்றும் நெருக்கமான அளவில் இருக்கட்டும்.

அடுத்து 500 வோல்ட் மெக்கரால் உறைக்கும் கம்பிக்கும் நடுவே இன்சுலேஷன் பாருங்கள். ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஸ்டோரில் கிடந்த ஹீட்டரில் இது சாதாரணம். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் தூக்கி எறியாதீர்கள். 120 டிகிரி அவனில் (oven, சூட்டுப்பெட்டி) சில மணி நேரம் வைத்து உலர்த்தி மறுபடி பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

துளைக்குள் ஹீட்டர் லொடலொடவென்று ஆடக்கூடாது. இடையில் காற்று இருந்தால் வெப்பம் எஃகுக்குப் போகாமல் ஹீட்டருக்குள்ளேயே தங்கி, கம்பி எரிந்துபோகும். பழைய ஹீட்டரைக் கழற்றினால் துளையிலுள்ள செதிலைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள்.

படி 4: ஜோன் பிரிப்பதும் தெர்மோகப்பிள் வைப்பதும்

சீரான சூடு கிடைப்பதும் கெடுவதும் இங்கேதான். கன்டெய்னர் முழுவதற்கும் ஒரே கன்ட்ரோலர் வைத்தால் நடு காய்ந்து ஓரம் காயாத தோசைக்கல் மாதிரிதான் இருக்கும். முனைகள் இரண்டும் காற்றில் திறந்திருப்பதால் அங்கே இழப்பு அதிகம். ஹவுசிங்குக்குள் சூடான காற்று மேலே போவதால் மேல்பாகம் கூடுதலாகக் காயும். ஆகவே டை பக்கம் மேல், டை பக்கம் கீழ், ரேம் பக்கம் மேல், ரேம் பக்கம் கீழ் என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் சென்சார்), தனி கன்ட்ரோலர்.

தெர்மோகப்பிள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது முக்கியம். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஹீட்டரின் சூட்டைத்தான் சொல்லும். டை செய்யும் ஹெச்13 மாதிரியான ஹாட் வொர்க் எஃகு, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு அளவுதான் வெப்பத்தைக் கடத்தும். கன்டெய்னர் எஃகும் அப்படித்தான் மெதுவாகக் கடத்தும். வெளியே 430 காட்டும்போது உள்ளே லைனர் (பில்லட் தொடும் உள்குழாய்) 390-இல் இருக்கலாம். வசதி இருந்தால் ஒவ்வொரு ஜோனிலும் இரண்டு வையுங்கள். லைனருக்கு அருகே ஆழமாக ஒன்று, அதுதான் கன்ட்ரோலுக்கு. ஹீட்டருக்கு அருகே இன்னொன்று, அது ஹீட்டரும் மேன்டிலும் (லைனரைச் சுற்றியுள்ள வெளி உடல்) அளவு மீறிக் காயாமல் காப்பதற்கு.

கே டைப் தெர்மோகப்பிளுக்கு கே டைப் கேபிள்தான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த செம்புக் கம்பியை இழுத்துவிடும் பழக்கம் பல ஆலைகளில் உண்டு. தெர்மோகப்பிள் தலைப்பெட்டி 70 டிகிரியிலும் பேனல் 40 டிகிரியிலும் இருந்தால், செம்புக் கம்பியில் ரீடிங் 30 டிகிரி குறைந்து காட்டும். கேபிள் சரியானதாக இருந்து இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் 60 டிகிரி குறையும். இந்த இரண்டாவது தவறு கண்ணில் படவே படாது, ஏனென்றால் சூடாக்கும்போது ரீடிங் ஒழுங்காக ஏறும். கன்ட்ரோலர் 430 என்று நம்பிக்கொண்டிருக்கும், உண்மையில் கன்டெய்னர் 490-இல் இருக்கும். கம்பி நிறத்தை நம்பவும் முடியாது. அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ். காந்தம் வைத்துப் பாருங்கள்: கே டைப்பில் காந்தம் ஒட்டும் கம்பி மைனஸ்.

படி 5: பேனல்

பிஐடி கன்ட்ரோலர் (சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைப்பது), அதன் கீழ் எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன் ஆஃப் செய்யும் சாலிட் ஸ்டேட் ரிலே), எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் (மின்சாரத்தை முழுதாக வெட்டும் சுவிட்ச்). எஸ்எஸ்ஆர் ஓடும்போது ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்குச் சற்று மேலாக வெப்பம் உண்டாகும். ஹீட் சிங்க்கும் பேனல் ஃபேனும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஆன் நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் ஆஃப் என்று சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தனி ஓவர் டெம்பரேச்சர் யூனிட் ஒன்று அந்த கான்டாக்டரைப் பிடுங்கிவிட வேண்டும். இதை விட்டுவிட்டுப் பேனல் செய்து தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, மூன்று ஃபேஸ் ஹீட்டருக்குச் சிலர் இரண்டு எஸ்எஸ்ஆர் மட்டும் போட்டு மூன்றாவது ஃபேஸை நேராகக் கொடுத்துவிடுவார்கள். கன்ட்ரோலர் ஆஃபில் இருந்தாலும் டெர்மினலில் கரன்ட் இருக்கும். மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கன்டெய்னர் பாடிக்கு எர்த் கட்டாயம்.

படி 6: முதல் சூடேற்றம்

மணிக்கு 50 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். லைனர் என்பது மேன்டிலுக்குள் ஷ்ரிங்க் ஃபிட்டாக இறுகி உட்கார்ந்திருக்கும் குழாய். ஹீட்டர் இருப்பது மேன்டிலில். அவசரப்பட்டு ஏற்றினால் மேன்டில் முதலில் காய்ந்து விரியும், லைனர் குளிர்ந்தே இருக்கும், பிடி தளரும். அந்த நிலையில் பிரஷர் கொடுத்தால் லைனர் வெடிக்கவோ நகரவோ வாய்ப்பு உண்டு. அவ்வளவு பெரிய வேலையை நான்கு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் இழுத்துக்கொள்ள வேண்டாம்.

150-இல் ஒரு மணி நேரம், 300-இல் ஒரு மணி நேரம் நிறுத்தி ஏற்றுவது நல்லது. ராம்ப் வசதியுள்ள கன்ட்ரோலரில் இதை ஒரு முறை போட்டு வைத்துவிடலாம். செட் பாயின்ட்டைத் தொட்ட பிறகும் சில மணி நேரம் ஊற விடுங்கள்.

ஆட்டோ டியூன் (கன்ட்ரோலர் தன் பிஐடி மதிப்புகளைத் தானே கண்டுபிடிப்பது) செய்வது இதற்கு அப்புறம்தான். குளிர்ந்த கன்டெய்னரில் செய்தால் கிடைக்கும் மதிப்புகள் வேலைச் சூட்டுக்குப் பொருந்தாது. 3 டன் எஃகு அசைய நேரமாகும் என்பதால், அந்த மதிப்புகளில் ஒன்றான இன்டெக்ரல் நேரம் பல நிமிடக் கணக்கில் வருவதைப் பார்த்துப் பயந்து குறைத்துவிடாதீர்கள்.

ரேம், கன்டெய்னர், டை அலைன்மென்ட்டையும் சூடான நிலையில்தான் பார்க்க வேண்டும். 800 மி.மீ. எஃகு 400 டிகிரி ஏறும்போது ஏறக்குறைய 4 மி.மீ. விரியும்.

படி 7: உள்ளே அளந்து பாருங்கள்

கன்ட்ரோலர் நான்கும் 430 காட்டுகின்றன. வேலை முடிந்ததா? இல்லை. நீண்ட பிடியுள்ள கான்டாக்ட் புரோபை எடுத்து உள்சுவரில் அளக்க வேண்டும். கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில், டை முனை, நடு, ரேம் முனை என மொத்தம் 12 அளவுகள். இன்ஃப்ராரெட் கன் இங்கே உதவாது. பளபளப்பான அலுமினியம் படிந்த சுவரில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

மேலே 435, கீழே 405 என்று வந்தால் கீழ் ஜோன் செட் பாயின்ட்டை ஒரே தாவலில் 30 கூட்டாதீர்கள். 10 கூட்டி, இரண்டு மணி நேரம் விட்டு, மறுபடி அளங்கள். பக்கத்து ஜோன்களும் அதனால் நகரும். நான்கு ஜோனுக்கும் நான்கு வெவ்வேறு செட் பாயின்ட் வந்தால் அதில் தவறில்லை. நமக்கு வேண்டியது சுவரில் சீர், பேனலில் அழகு இல்லை.

சில நேரம் என்ன செய்தாலும் ஒரு பக்கம் மட்டும் ஏறாது. அப்போது கிளாம்ப் மீட்டரை எடுங்கள். ஸ்டாரில் இணைத்த மூன்று 2.5 கிலோவாட் ஹீட்டரில் ஒவ்வொரு லைனிலும் 10.9 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு லைனில் பூஜ்யம், மற்ற இரண்டில் 9.8 என்றால் ஒரு ஹீட்டர் போய்விட்டது. நியூட்ரல் இல்லாததால் மீதி இரண்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராகிவிட்டன. 7.5 கிலோவாட் ஜோன் இப்போது 4 கிலோவாட்டில் ஓடுகிறது. தெர்மோகப்பிள் உயிரோடிருக்கும் ஹீட்டர் பக்கம் இருந்தால் கன்ட்ரோலர் எதையும் காட்டிக்கொடுக்காது.

ஹீட்டர் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் குளிர்ந்தால் சுற்றிலும் பாருங்கள். ஆபரேட்டருக்காக வைத்த பெடஸ்டல் ஃபேன் கன்டெய்னர் மேல் நேராக வீசிக்கொண்டிருக்கும். திருப்பி வைத்தால் போதும்.

படி 8: ஓடும்போது

ஓட்டம் தொடங்கியதும் நிலைமை மாறும். 460 டிகிரி பில்லட் வரிசையாக உள்ளே வருகிறது, உராய்வும் வெப்பம் தருகிறது. லைனர் உள்ளிருந்து காயத் தொடங்கும், ஹீட்டர்களுக்கு வேலை குறையும். வேகமான ஓட்டத்தில் சில ஜோன்களின் அவுட்புட் பூஜ்யத்துக்கு இறங்குவது இயல்புதான். பிரஸ் நின்றால் தலைகீழ். டை மாற்றும் நேரத்தில் கன்டெய்னரைத் திறந்தே விட்டால் டை முனை வேகமாக இறங்கும். நீண்ட நேரம் நிறுத்தினால் மூடி வையுங்கள்.

படி 9: டை அவன்

கன்டெய்னர் சீராக இருந்து டை நடுவில் குளிர்ந்திருந்தால் மறுபடி அதே தலைவலி. காற்று சுழலும் அவனில் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். டைகளுக்கு இடையே கை நுழையும் இடைவெளி விடுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

உங்கள் அவனுக்குச் சரியான நேரம் தெரிய வேண்டுமா? கழித்துப் போட்ட டை ஒன்றை எடுத்து நடுவரை துளை போட்டுத் தெர்மோகப்பிளைச் சொருகி உள்ளே வையுங்கள். அவன் 450 காட்டிய நேரத்தையும், டையின் நடு 450 தொட்ட நேரத்தையும் குறியுங்கள். இடைவெளியைப் பார்த்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அந்த நேரத்தை அவன் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போது டை உள்ளே போன நேரத்தையும் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் அளவு மீறி வைப்பதும் கெடுதல். 8, 10 மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் பேரிங்கின் நைட்ரைடு பூச்சு ஆக்சைடாகிப் பாழாகும்.