பிரிட்டனின் சதுப்பு நிலங்களில் வேட்டைக்கு உட்பட்ட பறவைகளையும் காக்கப்பட்ட பறவைகளையும் பிரித்தறிவது எப்படி?

பிரிட்டனில் குளிர்காலச் சதுப்பு நிலம் ஒன்றின் கரையில் நிற்பவர், சட்டப்படி சுடத்தக்க பறவையையும், சுட்டவரைச் சிறைக்கே அனுப்பக்கூடிய பறவையையும் ஒரே கூட்டத்தில் காண நேரிடும். 1981ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டம் எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்பு அளித்துவிட்டு, அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டும் குறிப்பிட்ட மாதங்களில் விலக்குத் தருகிறது. இந்தச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்கு உரியது. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. ஃபெசன்ட், பார்ட்ரிட்ஜ், கிரவுஸ் போன்ற நிலத்து வேட்டைப் பறவைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1831ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வருகின்றன; சதுப்பு நிலத்துக்கு உரியவை அல்ல என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அவற்றைத் தவிர்த்தால், அட்டவணையின் முதற்பகுதியில் உள்ள இனங்கள் இருபதுக்கும் குறைவு. ஆகவே காக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகளை மனப்பாடம் செய்வதைவிட, விலக்குப் பெற்ற இந்தச் சிலவற்றை ஐயமின்றிக் கற்றுக்கொள்வதே நல்ல வழி. அவற்றுள் ஒன்று என்று உறுதியாகச் சொல்ல முடியாத எதையும் காக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். அரசு ஆணையின் மூலம் இப்பட்டியலிலிருந்து இனங்களை நீக்க முடியும். ஸ்காட்லாந்தின் காப்பர்கேலி என்னும் பெரிய காட்டுப் பறவை 2001இல் அவ்வாறுதான் முழுப் பாதுகாப்புப் பெற்றது. எனவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் நடப்புப் பட்டியலைப் பார்த்துவிடுவது அவசியம்.

அடுத்து நாட்காட்டி. சட்டம் வகுத்த முறைப்படி வாத்துகளுக்கும், கூஸ் எனப்படும் பெரிய வாத்தினப் பறவைகளுக்கும் பருவம் செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. உள்நாட்டில் ஜனவரி 31 வரையும், கடலோரத்தில் கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் கோட்டுக்குக் கீழே பிப்ரவரி 20 வரையும் நீடிக்கிறது. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் நாளிலும் நீர்ப்பறவைகளைச் சுடக் கூடாது; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் சிலவற்றில் ஞாயிறு தடை இருக்கிறது. கடும் உறைபனி தொடர்ச்சியாக நீடித்தால் அரசு வேட்டையையே சில நாள் நிறுத்திவைக்கும். அந்நாட்களில் பார்வையாளரும் நீர்நிலையை நெருங்காமல் இருப்பது நல்லது, ஏனெனில் இரை கிடைக்காத பறவைக்கு ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் பெரும் செலவு.

வேட்டைக்காரர்கள் பறவைகள் இடம்பெயரும் விடியலிலும் அந்தியிலும்தான் காத்திருப்பார்கள். அப்போது நிறம் எதுவும் தெரியாது. கையேடுகளில் பளிச்சென்று அச்சிடப்பட்டிருக்கும் ஆண் வாத்துகளின் படங்கள் அந்த நேரத்தில் அதிகம் உதவா. போதாக்குறைக்கு, கோடை இறுதியில் சிறகுதிர்க்கும் ஆண்கள் பெட்டைகளைப் போலவே பழுப்பாகிவிடுவதால் செப்டம்பர் மாதத்தில் பகலிலும் குழப்பம் தீராது. ஆகவே காதிலிருந்து தொடங்குங்கள். விஜன் எனப்படும் நாமத்தலை வாத்தின் ஆண், மேலேறி இறங்கும் நீண்ட சீழ்க்கை அடிக்கும். டீல் எனப்படும் சிறு வாத்தான கிளுவையின் ஆண் சிறு மணி போன்ற குட்டையான குரல் கொடுக்கும். கோல்டன்ஐ வாத்து வாய் திறக்காவிட்டாலும் அதன் சிறகுகளே விசில் போல ஒலிக்கும். ஸ்லிம்பிரிட்ஜ், மார்ட்டின் மியர் போன்ற காப்பகங்களில் பகல் வெளிச்சத்தில் பறவையைப் பார்த்துக்கொண்டே குரலைப் பழகினால், இருட்டில் அதே குரல் தானே பெயர் சொல்லும்.

மிகக் கடினமான இணை, கிளுவையும் கார்கனி எனப்படும் நீலச்சிறகியும் ஆகும். முன்னது வேட்டைக்கு உட்பட்டது; பின்னது கூடுகட்டும் காலத்தில் தொந்தரவு செய்வதைக்கூடக் குற்றமாக்கும் முதல் அட்டவணையில் இருப்பது. பிரிட்டனுக்குக் கோடையில் மட்டும் வரும் ஒரே வாத்து நீலச்சிறகிதான். மார்ச்சில் வந்து கோடை முடிவில் ஆப்பிரிக்கா நோக்கிப் புறப்பட்டாலும் சில செப்டம்பர் வரை தங்கிவிடுகின்றன, அதாவது சரியாக வேட்டை தொடங்கும் நாட்களில். இரண்டும் சிறியவை, பழுப்பானவை, சேர்ந்தே மேய்பவை. முகத்தைப் பாருங்கள்: கிளுவையின் முகம் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும், நீலச்சிறகிக்குப் புருவத்தில் வெளிர்கோடும், கண்ணூடாகக் கருங்கோடும், அலகு தொடங்கும் இடத்தில் வெளிர்ப் புள்ளியும், கன்னத்தில் மற்றுமொரு கருங்கோடும் இருப்பதால் முகம் முழுதும் வரிவரியாகத் தெரியும். பறக்கும்போது கிளுவையின் பச்சைச் சிறகுத்திட்டுக்கு முன்னுள்ள வெள்ளைக்கோடு தடித்திருக்கும். நீலச்சிறகிக்கோ பின்விளிம்பின் வெள்ளை எடுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் வேடந்தாங்கலிலோ கோடியக்கரையிலோ நீலச்சிறகிக் கூட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முகம் புதிதல்ல. அவ்வகையில் அவர்கள் பல பிரிட்டிஷ் வேட்டைக்காரர்களைவிட ஒரு படி முன்னே இருக்கிறார்கள்.

ஸ்னைப் எனப்படும் உள்ளான்களைப் பிரிப்பதற்கு அலகை அளக்க வேண்டியதில்லை, எழும்பும் விதமே போதும். வேட்டைக்கு உட்பட்ட சாதாரண உள்ளான் நாம் சற்றுத் தொலைவில் இருக்கும்போதே கரகரத்த குரலோடு கிளம்பி, வளைந்து வளைந்து உயரே சென்றுவிடும். காக்கப்பட்ட ஜாக் உள்ளான் ஏறக்குறைய காலடியில் மிதிபடும் வரை அசையாமல் இருந்து, பெரும்பாலும் சத்தமின்றி எழுந்து, கொஞ்ச தூரம் பறந்து மறுபடியும் புல்லுக்குள் விழும். அதன் அலகும் குட்டையானது. கர்லியூ எனப்படும் கோட்டான் (ஆந்தை அல்ல), கருவால் மூக்கன், ஆள்காட்டி ஆகிய மற்ற நீள்காலிகள் பிரிட்டனில் காக்கப்பட்டவை. அந்த வரிசையில் பொன்னிற உப்புக்கொத்தியும் காட்டில் வாழும் வுட்காக்கும் மட்டுமே உள்ளானோடு பட்டியலில் இடம்பெற்றன.

கருங்கழுத்து கூஸ்கள் மூன்றில் கனடா கூஸ் ஒன்றே வேட்டைக்கு உட்பட்டது. அது பழுப்பு உடலும், கருங்கழுத்தும், தாடையைச் சுற்றிய வெள்ளைப் பட்டையும் கொண்ட பெரிய பறவை. பார்னக்கிள் கூஸின் முகம் முழுவதும் பால்வெள்ளை, மார்பு கறுப்பு, முதுகு சாம்பல் நிறம். ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலிருந்து, ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள சால்வே கழிமுகத்துக்குக் குளிர்காலத்தில் வரும் இதன் கூட்டம், 1940களில் சில நூறாகச் சுருங்கி, பாதுகாப்புக் கிடைத்த பின் பல்லாயிரமாகப் பெருகியது. பிரென்ட் கூஸ் ஒரு பெரிய வாத்தின் அளவே இருக்கும். முகத்தில் வெள்ளையே கிடையாது, கழுத்தில் மட்டும் சிறு வெண்கீற்று. சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்திலிருந்து எஸெக்ஸ், நார்ஃபோக் கரைகளுக்கு வந்து, வயலில் இறங்கி இளங்கோதுமையை மேய்வதால் உழவர்களுக்கு இதன்மேல் கோபம் உண்டு; அந்தக் கோபம் உரிமம் ஆகாது. சாம்பல்நிறக் கூஸ்களில் இளஞ்சிவப்புக் கால் கொண்ட பிங்க்ஃபுட் பட்டியலில் உள்ளது. ஆரஞ்சுக் கால் கொண்ட பீன் கூஸ் இல்லை. மங்கிய ஒளியில் காலின் நிறம் தெரியாது என்பதால் இங்கே மீண்டும் குரலையே நம்ப வேண்டியிருக்கும்: பிங்க்ஃபுட்டின் குரல் மெல்லியது, உயர்ந்தது, பீன் கூஸ் தாழ்ந்து அடங்கிக் கூவும்.

காக்கப்பட்ட பறவை சுடப்படுவதைப் பார்த்தால், சுடுபவரிடம் வாதாடப் போகக் கூடாது. தவிர, துப்பாக்கியோடு நிற்பவரெல்லாம் குற்றவாளியும் அல்லர். நில உரிமையாளரின் இசைவும் உரிய பருவமும் இருந்தால் அவர் தம் உரிமைக்குள்தான் நிற்கிறார். நேரம், இடம், நீங்கள் பார்த்த அடையாளங்கள், வண்டியின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குற்றம் நடந்துகொண்டிருந்தால் 999க்கும், முடிந்துபோயிருந்தால் 101க்கும் அழைத்து, காட்டுயிர்க் குற்றப் பிரிவு அலுவலரிடம் தெரிவிக்கும்படி கேளுங்கள். இறந்த பறவையைக் கையால் தொட வேண்டாம். அது சான்றுப்பொருளாகவோ நஞ்சு உண்டதாகவோ பறவைக் காய்ச்சல் தொற்றியதாகவோ இருக்கலாம். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்து, அளவு தெரியும்படி சிறகின் மேற்புறத்தையும் முகத்தையும் படம் எடுத்தால் போதும்.