மைசீனி கோட்டைக்கு போறீங்களா, இப்படி சுத்தி பாருங்க

கிரீஸ் போற நம்மாளுங்க நிறைய பேர் ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் பாத்த கையோட தீவுக்கு கிளம்பிடுறாங்க, தயவுசெஞ்சு ஒரு நாள் ஒதுக்கி, மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின மைசீனி கோட்டைக்கு போயிட்டு வாங்க. ஏதென்ஸ்லருந்து சுமார் 120 கிலோமீட்டர். பஸ்னா பக்கத்து ஊரான நாஃப்பிலியோ போற ரூட்ல ஃபிக்தி ஸ்டாப்ல இறங்கணும், அங்கேருந்து மூணு நாலு கிலோமீட்டர் ஏத்தம், நடக்கணும் இல்ல டாக்ஸி பிடிக்கணும். முந்தின நாளே நாஃப்பிலியோ வந்து தங்கிட்டா நல்லது, ஏன்னா கேட் திறக்கும்போதே உள்ள இருக்கணும், மலை மேல நிழலே கிடையாது. கோட்டைய ஒட்டி இருக்குற மியூசியத்த கடைசியா வச்சுக்கோங்க, வெயில் ஏறுனதுக்கப்புறம் அங்க போய் ஒதுங்கிக்கலாம். தண்ணி பாட்டில், வழுக்காத ஷூ, டார்ச் மூணும் கண்டிப்பா வேணும்.

சிங்க வாசல்ல போட்டோ மட்டும் எடுத்துட்டு ஓடாதீங்க. கிமு 1250 வாக்குல கட்டுனது. வாசலுக்கு மேல படுத்திருக்குற பெரிய கல்ல பாருங்க, அதுக்கு மேல செவுத்தோட பாரம் நேரா இறங்குனா விரிசல் விட்டுரும்னு முக்கோணமா இடம் விட்டு, அந்த இடத்த அடைக்கத்தான் சிங்கச் சிற்பத்த வச்சிருக்காங்க! சிங்கத்துக்கு இப்ப தலை இல்ல, தனியா செஞ்சு மாட்டுனது, காணாம போச்சு.

உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் வட்டமா இருக்குறது அரச குடும்பத்து கல்லறைங்க. 1876ல ஷ்லீமன்ங்குற ஜெர்மன் தொல்லியல் ஆய்வாளர் தோண்டி தங்க முகமூடியெல்லாம் எடுத்தது இங்கதான். அதுல ஒண்ணுக்கு, கிரேக்க புராணத்துல ட்ரோஜன் போருக்கு படை நடத்திட்டு போன மைசீனி ராஜா அகமெம்னானோட முகமூடின்னு பேர் வந்துருச்சே தவிர அது அந்தப் போர் நடந்ததா சொல்ற காலத்துக்கு சில நூறு வருஷம் முந்தினது. ஒரிஜினல் ஏதென்ஸ் தேசிய தொல்லியல் மியூசியத்துல இருக்கு.

உச்சில அரண்மனை பாத்துட்டு பாதி பேர் திரும்பிடுவாங்க, நீங்க வடகிழக்கு கோடி வரைக்கும் போங்க. முற்றுகை வந்தாலும் குடிதண்ணி கிடைக்கணும்னு வெளிய இருந்த ஊத்துத் தண்ணிய மண் குழாய்ல கொண்டுவந்து பூமிக்கு அடியில தேக்கியிருக்காங்க, அதுக்கு இறங்குற படிக்கட்டு அங்க இருக்கு. கும்மிருட்டு, படியும் வழுக்கும், எதுவரைக்கும் விடுறாங்களோ அதுவரைக்கும் டார்ச் அடிச்சுகிட்டு மெதுவா இறங்குங்க. எனக்கு கோட்டையிலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

வெளிய வந்ததும் டிக்கெட்ட தூக்கி போட்டுறாதீங்க, கீழ ரோட்டோரமா இருக்குற, புராணத்துல அகமெம்னானுக்கு அப்பாவான அட்ரியஸ் பேர்ல சொல்ற கல்லறைக்கும் அதே டிக்கெட்தான். சாந்தே இல்லாம கல்ல வளையம் வளையமா அடுக்கி 13 மீட்டருக்கு மேல உயரமா கூம்பு மாதிரி எழுப்பிருக்காங்க, வாசல் மேல இருக்குற ஒத்தக் கல்லே 100 டன்னுக்கு மேல. டூர் பஸ் கும்பல் உள்ள இருந்தா அவங்க போறவரைக்கும் வெளிய நில்லுங்க, அப்புறம் நடுவுல போய் நின்னு அண்ணாந்து பாருங்க.