மால்டி-டாஃப்: கிருமிக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான்: "ரத்தத்தை ஊற்றினால் நோய் என்னன்னு சொல்லிடுமா அண்ணே?" சொல்லாது. மால்டி-டாஃப் என்பது கிருமியின் புரதங்களை லேசரால் கிளப்பி, அவற்றின் எடையை வைத்துக் கிருமிக்குப் பெயர் சொல்லும் இயந்திரம். வழக்கமான முறையில் கிருமி முதலில் வளர வேண்டும். மாதிரியை அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் தட்டு) இழுத்து இரவு முழுக்க வைத்தால், பெரும்பாலும் காலையில் குண்டூசித் தலை அளவில் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், நிற்கும்.

1. தனியாக நிற்கும் ஒரு காலனியைப் பல்குச்சி நுனியால் தொடுங்கள். இயந்திரத்துக்குள் போகும் எஃகுத் தகட்டில் உள்ள ஒரு வட்டத்தில் தடவுங்கள். விபூதி மாதிரி அப்பக் கூடாது, கண்ணுக்கு மை தீட்டும் அளவு போதும். தடவியது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அது அதிகம். முதல் வாரத்தில் நான் தடவிய பன்னிரண்டில் ஒன்பது தேறவில்லை. இயந்திரத்தைத் திட்டினேன். கோளாறு என் கையில்.

2. மேலே 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் (காய்ந்ததும் படிகமாகும் வேதிக்கரைசல்) விட்டுக் காயவிடுங்கள். ஈஸ்ட் என்றால் அதற்கு முன் 70% ஃபார்மிக் அமிலம் ஒரு சொட்டு. அதன் செல்சுவர் கெட்டி.

3. தகட்டை உள்ளே தள்ளுங்கள். மேட்ரிக்ஸ் படிகம் லேசர் ஒளியை வாங்கிக்கொண்டு, புரதங்களைச் சிதைக்காமல் மேலே கிளப்பிவிடும். வெற்றிடக் குழாயில் எடை குறைந்தது முன்னே பறக்கும், கனமானது பின்னே வரும். வரைபடத்தில் 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை விழும் சிகரங்களில் பெரும்பாலானவை ரைபோசோம் (செல்லில் புரதம் செய்யும் பகுதி) புரதங்கள். அந்தச் சிகர வரிசையை, இயந்திரத்தின் சேமிப்பில் உள்ள தெரிந்த கிருமிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பெயர் வரும். சில நிமிட வேலை. (ஜப்பானின் கோய்ச்சி தனாகா கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டு, கொட்ட மனமில்லாமல் சோதித்துப் பார்த்தார். புரதத்தை லேசரால் கிளப்பும் அந்த வழிக்கு 2002இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.)

4. வரிசை எவ்வளவு பொருந்துகிறது என்று இயந்திரம் தரும் மதிப்பெண்ணைப் பாருங்கள். எங்கள் இயந்திரத்தில் 2.0க்கு மேல் என்றால் இனம் வரை நம்பலாம். 1.7க்குக் கீழே என்றால் மறுபடி தடவுங்கள்.

நல்ல மதிப்பெண் வந்தாலும் ஈ.கோலையையும் அதன் நெருங்கிய உறவான, சீதபேதி தரும் ஷிகெல்லாவையும் இது குழப்பும். 2015இல் இங்கே பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு வந்த பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அப்படித்தான்: இனப்பெயரை இயந்திரம் சொல்லும், எஸ்டி283 என்ற உட்பிரிவைச் சொல்ல மரபணு வரிசை வேண்டும்.

இன்னொன்று. உயிருக்கே ஆபத்தாகக்கூடிய மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி நம் ஊர் மண்ணிலேயே உண்டு. சேமிப்பில் அது இல்லையென்றால், திரையில் அதன் சாதுவான உறவுக்காரன் 'பர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸ்' பெயர் வரலாம். வந்தால் தட்டை மூடுங்கள், திறந்த மேசையில் இன்னொரு முறை தடவாதீர்கள், மூத்தவரைக் கூப்பிடுங்கள்.